கத்திரி வெயிலில் காப்பாற்றியது, இடிமழை ராத்திரியில் கைவிட்டது: டெசர்ட் கூலரோடு மூன்று மாதம்

தண்ணீரை வைத்துக் காற்றைக் குளிரவைக்கிற டெசர்ட் கூலர் இது, ஏப்ரல் கடைசி வாரம் வாங்கினேன், இப்போது ஜூலை முடியப் போகிறது. நடுவில் கத்திரி வெயில் முழுசாகப் போனது, ஜூன் மாதத்து இடிமழையும் வந்துவிட்டது. இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன், ஏனென்றால் வாங்கின மறுநாளே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களைப் படித்துத்தான் நான் இதை வாங்கினேன். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் ஏப்ரலில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மாடி போர்ஷன், எங்களுக்கு மேலே வெறும் தளம், மதியம் மூன்று மணிக்குப் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி இருக்கும். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கடல் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, சென்னையில் மதியத்துக்கு முன்பே வீசத் தொடங்கும் கடல்காற்று இங்கே வந்து சேர்ந்தால் சாயங்காலம், பல நாள் வரவே வராது. சுற்றிலும் பாறை மலை. பகல் முழுக்கக் காய்ந்து, ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று இந்த ஊரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

அம்மாவுக்கு 71 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். போன வருடம் மே மாதம் ஒரு மதியம் சமையலறையில் இருந்து வெளியே வந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த வருடம் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஏசி மாட்டச் சுவரில் ஓட்டை போட ஓனர் சம்மதிக்கவில்லை. ஈபி கணக்கும் ஒரு பயம், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எங்கே போய் நிற்கும் என்று தெரியும். அப்படித்தான் 75 லிட்டர் டேங்க், மூன்று பக்கமும் தண்ணீரில் நனைகிற தேன்கூடு பேட், 190 வாட் மோட்டார் உள்ள இந்தக் கூலர் 11,800 ரூபாய்க்கு வீட்டுக்கு வந்தது.

கடையின் பெயரைப் போடவில்லை, கம்பெனி பெயரும் வேண்டாம், நான் சொல்லப் போவது இந்த வகைக் கூலர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் கடையில் சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "சார், ஜன்னல் கதவெல்லாம் நல்லா சாத்திட்டு ஓட்டுங்க, ஏசி மாதிரியே இருக்கும்" என்றார் விற்ற பையன். நானும் நம்பி அப்படியே செய்தேன். முதல் அரை மணி நேரம் சுகமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் பெட்ஷீட் பிசுபிசுத்தது, இரண்டு மணி நேரத்தில் அலமாரிக் கண்ணாடியில் மூச்சு படிந்த மாதிரி ஒரு மங்கல். அம்மா எழுந்து உட்கார்ந்து, "இன்னாடா இது, ஈரக் கோணியப் போத்தினாப்பல கீது" என்றார். இரண்டு நாள் இப்படியே ஓடியது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கூட யோசித்தேன்.

காப்பாற்றியது அண்ணன். எங்கள் அண்ணன் ராணுவத்தில் 22 வருடம் இருந்தவர், இப்போது கம்மவான்பேட்டை பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார், அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் ராஜஸ்தான் பாலைவனத்தில், ஜெய்சால்மரிலும் பார்மரிலும் வருடக்கணக்கில் கூலர் காற்றில் தூங்கியவர். போனில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "டேய் தம்பி, அதை வீட்டுக்குள்ளே வச்சு எவன்டா ஓட்டச் சொன்னான்? ஜன்னல்ல முதுகைக் காட்டி வை, எதிர்க் கதவை ஒரு சாண் திறந்து வை" என்றார். கூலரின் முதுகுப் பக்கம் வெளிக்காற்றைப் பார்க்க வேண்டும். உள்ளே வந்த ஈரக்காற்று வெளியே போக எதிரில் வழி வேண்டும். அறைக்குள் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்ப நனைத்தால் அது ஆவி பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு மதியமே ஸ்டாண்டை ஜன்னலுக்கு நகர்த்தி வைத்தேன், அது வேறு மெஷின் ஆகிவிட்டது.

இதன் வேலை மண்பானையின் வேலைதான். பானைக்கு வெளியே கசிகிற தண்ணீர் காய்கிறது, காய்வதற்கு வேண்டிய சூட்டை உள்ளே இருக்கிற தண்ணீரிடம் இருந்து எடுத்துக்கொள்கிறது, தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. கூலரில் பேட் நனைந்திருக்கிறது, ஃபேன் வெளிக்காற்றை அதன் வழியாக இழுக்கிறது, தண்ணீர் காய்கிறது, காற்று குளிர்கிறது. கேஸ் இல்லை, கம்ப்ரஸர் இல்லை. ஆனால் தண்ணீர் காய வேண்டும் என்றால் காற்று வறண்டிருக்க வேண்டும். அடைமழை நாளில் கொடியில் போட்ட துணி இரண்டு நாள் ஆனாலும் காயாதது போல, ஈரம் நிறைந்த காற்றில் பேட் தண்ணீரும் காயாது. இந்த ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்லவில்லை, அட்டைப்பெட்டியிலும் போடவில்லை.

வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக் கூலர் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். மே இரண்டாவது வாரம் ஒரு மதியம், ஜன்னலுக்கு வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம். கூலர் வாயில் மீட்டரைப் பிடித்தால் 30. பத்து டிகிரி குறைகிறது. அம்மா கட்டிலில் அந்தக் காற்றுக்கு நேராகப் படுத்து ஒன்றரை மணி நேரம் தூங்கினார். கத்திரி வெயில் மதியத்தில் அவர் தூங்கி நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஏசி அறை மாதிரி ஆகும் என்று நினைத்து வாங்காதீர்கள், ஆகாது. காற்றுக்கு நேரே இருப்பவருக்குச் சுகம், அறை மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஃபேனை விடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் 71 வயதுக்காரர் மதியம் 40 டிகிரியில் மயங்கி விழாமல் இருக்க அந்தப் பத்து டிகிரி போதும். மேற்குக் காற்று நன்றாக அடித்து ஈரப்பதம் 25-க்கு இறங்கிய இரண்டு மூன்று நாளில் இன்னும் நன்றாக இருந்தது, மீட்டர் 28, 29 காட்டியது.

பெயரில் ஏன் டெசர்ட் என்று இருக்கிறது என்பது அண்ணன் சொன்ன கதைகளைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. ஜெய்சால்மர் பக்கம் மே மாத மதியம் 43 டிகிரி என்பது சாதாரண நாள். பக்கத்தில் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது, இந்தியாவில் உறுதியாகப் பதிவான வெப்பத்தில் அதுதான் உச்சம். ஆனால் அந்தக் காற்றில் ஈரம் கிடையாது, 15 சதவீதம், சில நாள் பத்துக்கும் கீழே. 43 டிகிரியும் 15 சதவீத ஈரப்பதமும் இருந்தால் நல்ல கூலர் ஒன்று 27 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். பதினாறு டிகிரி வித்தியாசம்! தகரப் பெட்டி, மூன்று பக்கமும் மரச்சீவல் திணித்த சட்டம், ஒரு சின்ன பம்பு, இதை வைத்துக்கொண்டுதான் அங்கே ஊரே கோடையைத் தள்ளுகிறது. லூ என்று அவர்கள் சொல்கிற அந்த அனல்காற்று எவ்வளவு வறண்டு அடிக்கிறதோ கூலர் அவ்வளவு நன்றாக வேலை செய்யும். முகத்தைச் சுடுகிற அதே காற்று பேட் வழியாக வந்தால் போர்வை தேட வைக்கும் என்று அண்ணன் சொல்வார்.

அந்தப் பாலைவனத்திலேயே இந்தக் கூலர் படுத்துவிடுகிற நாட்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழை ராஜஸ்தானின் மேற்கு மூலையைத் தொடுவதற்கு ஜூலை முதல் வாரம் தாண்டிவிடும், நாட்டிலேயே கடைசியாக மழைக்காற்று போய்ச் சேர்கிற இடம் அதுதான். மழை கொஞ்சம்தான் பெய்யும், ஆனால் ஈரம் வந்துவிடும், வெயிலும் குறையாது. 40 டிகிரியும் புழுக்கமும் சேர்ந்து வருகிற அந்த வாரங்கள்தான் லூ அடிக்கிற மே மாதத்தை விட மோசம் என்று அண்ணன் அடித்துச் சொல்கிறார். கூலர் பக்கத்தில் படுத்தால் மேல் பிசுபிசுக்கும், தள்ளிப் படுத்தால் வெந்துபோகும். எல்லாரும் பம்பை நிறுத்திவிட்டுக் கட்டிலை மைதானத்தில் போட்டுக்கொள்வார்களாம்.

அங்கே இடிமழை வருகிற விதமும் வேறு. மேகம் ரொம்ப உயரத்தில் நிற்கும், மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும், தரைக்கு வராது, நடுவழியிலேயே காய்ந்துவிடும். இதை அவர் சொன்னபோது எனக்குக் கூலர் ஞாபகம்தான் வந்தது, இரண்டும் ஒரே வேலைதான். மழைத்துளி வறண்ட காற்றில் காய்ந்து காற்றைக் குளிரவைக்கிறது, குளிர்ந்த காற்று கனத்துப்போய்த் தொப்பென்று கீழே விழுகிறது, தரையில் மோதி நாலு பக்கமும் பாய்கிறது, பாய்கிற வழியில் இருக்கிற மணலை எல்லாம் வாரித் தூக்கிக்கொண்டு சுவர் மாதிரி வருகிறது. அதுதான் ஆந்தி. நடுப்பகலில் விளக்குப் போட வேண்டிய இருட்டு. 2018 மே 2 அன்று ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அடித்த புழுதிப்புயலில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் வீடும் சுவரும் மரமும் விழுந்துதான். பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதும் உண்டு. வருடத்துக்கே 30 சென்டிமீட்டருக்கும் குறைவாக மழை பார்க்கிற பார்மரில் 2006 ஆகஸ்ட்டில் வெள்ளம் வந்து கவாஸ் கிராமம் மூழ்கியது. அண்ணன் அப்போது அந்தப் பக்கம்தான் இருந்தார். மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருப்பதால் தண்ணீர் கீழே இறங்காமல் வாரக்கணக்கில் நின்றது என்றும், பாலைவனத்தில் படகு ஓட்டினோம் என்றும் இன்றைக்கும் குரல் தழுதழுக்கச் சொல்வார்.

அக்கா மகன் அரிசோனாவில் டெம்பியில் படிக்கிறான். அங்கேயும் பாலைவனம், அங்கேயும் கோடை மழைக்காலம் உண்டு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று 2008-ல் இருந்து தேதி குறித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான ஃபீனிக்ஸில் 2023-ல் ஜூன் கடைசியில் தொடங்கி 31 நாள் தொடர்ந்து வெயில் 43 டிகிரியைத் தாண்டியது, அவன் சேர்ந்தது அந்த வருடம்தான், பயந்துபோய்ப் போன் செய்தான். இந்தக் கூலர் விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் ஒன்று சொன்னான், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தேதி குறிப்பதற்கு முன்பு ஃபீனிக்ஸில் மழைக்காலம் தொடங்கிவிட்டதா என்று பனிநிலையை வைத்துத்தான் சொல்வார்களாம். காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதில் உள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்குமோ அதுதான் பனிநிலை. அது சராசரியாக 55 ஃபாரன்ஹீட், அதாவது 13 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே, அதற்குக் குறையாமல் மூன்று நாள் தொடர்ந்து நின்றால் மழைக்காலம் வந்தாச்சு, கூலர் இனிமேல் சரிப்படாது.

நான் உடனே என் மீட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 40 டிகிரி, 35 சதவீதம் என்று எங்கள் வீட்டில் காட்டிய அந்த மே மாத மதியத்தின் பனிநிலை கிட்டத்தட்ட 22. புரிகிறதா? பாலைவனக்காரர்கள் ஈரம் வந்துவிட்டது, கூலரை மூடு என்று சொல்கிற அளவை விட நம் ஊரின் காய்ந்த நாளிலேயே ஈரம் அதிகம். வேலூர் வெயிலில் பாலைவனம் மாதிரி எரிகிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், எரிவது உண்மைதான், ஆனால் காற்று பாலைவனக் காற்று இல்லை. அதனால் டெசர்ட் கூலர் என்று விற்கிற பொருள் இங்கே பாலைவனத்தில் கொடுக்கிற பலனைக் கொடுக்காது. பதினாறு டிகிரிக்குப் பதில் பத்து, நல்ல நாளில் பதினொன்று. அது தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

இப்போது ஜூன் மாதக் கதை. நம் பக்கம் ஜூனில் இருந்து மழை எப்படி வரும் என்று தெரியுமே, பகல் முழுக்கக் கொளுத்தும், நாலு மணிக்கு மேல் ஜவ்வாது மலைப் பக்கம் கறுக்கும், வானிலை அறிக்கையில் வெப்பச்சலனம் என்று சொல்வார்கள், மேற்கில் இருந்து வருகிற காற்றும் கிழக்கில் இருந்து தாமதமாக நுழைகிற கடல்காற்றும் மோதுகிற இடத்தில் மேகம் கோபுரம் மாதிரி எழும்பும். ஜூன் மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு அப்படித்தான் பிடித்தது. முதலில் புழுதி, அப்புறம் மண்வாசனை, அப்புறம் நாற்பது நிமிடம் பேய்மழை. கரண்ட் போய் பத்தரைக்கு வந்தது. மழைதான் பெய்துவிட்டதே, கூலரும் சேர்ந்தால் இன்னும் சுகமாக இருக்கும் என்று நினைத்துப் போட்டேன். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 86. கூலர் வாயில் 26 புள்ளி சொச்சம். ஒன்றரை டிகிரிக்காக இவ்வளவு சத்தம். பன்னிரண்டு மணிக்கு எழுந்தால் தலையணை உறை நசநசவென்று, காலண்டர் தாள் சுருண்டு, தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை. அம்மாவுக்கு வேர்வை காயவே இல்லை, மூச்சு வாங்கினார். கூலர் அறையில் ஈரத்தைத்தான் கூட்டிக்கொண்டிருந்தது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், அதுவும் ஒரு கூலர்தான், அந்தக் கூலரை இந்தக் கூலர் கெடுத்துக்கொண்டிருந்தது.

பம்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனை மட்டும் ஓட்டி, ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டேன். பத்து நிமிடத்தில் மழைக்காற்று உள்ளே வந்தது, அம்மா தூங்கிவிட்டார். பம்புக்குத் தனி சுவிட்ச் இல்லாத மாடலை வாங்காதீர்கள், மற்ற எந்த வசதியை விடவும் அந்த ஒரு சுவிட்ச் முக்கியம்.

மீட்டர் வாங்க வேண்டும் என்று கூட இல்லை, டேங்கைப் பார்த்தாலே போதும், இதை நானாகக் கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷம். கத்திரி வெயிலில் 75 லிட்டர் ஆறரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், குடம் குடமாகத் தூக்கி ஊற்ற வேண்டியிருந்தது. அந்த மழை ராத்திரி ஒன்றரை மணி நேரம் ஓடியும் தண்ணீர் மட்டம் இரண்டு விரல்கூட இறங்கவில்லை. தண்ணீர் குறைந்தால் குளிர்ச்சி வருகிறது, குறையவில்லை என்றால் வெறும் சத்தம்தான் வருகிறது. டேங்கில் தண்ணீர் மட்டம் காட்டுகிற குழாயில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் கோட்டை விட்டு இறங்காவிட்டால் பம்பை அணைத்துவிடுவேன்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது, போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நாங்கள் முதல் மூன்று வாரம் போர் தண்ணீர்தான் ஊற்றினோம், பேட் முழுக்க வெள்ளைப் பொடி படிந்து தேன்கூட்டு ஓட்டைகள் பாதி அடைபட்டுக் காற்றே வரவில்லை. சர்வீஸுக்குப் போன் செய்து ஒன்பது நாள் கழித்துத்தான் ஆள் வந்தார், வந்தவர் நல்ல மனிதர், வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகக் கழுவக் கற்றுக்கொடுத்தார். பிரஷ் போட்டுத் தேய்த்தால் பேட் பிய்ந்துவிடும். அதற்குப் பிறகு காவிரிக் குடிநீர் வருகிற நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்கிறேன். குடிக்கிற தண்ணீரை இதற்கு ஊற்ற மனசு வரவில்லைதான், ஒரு நாளைக்கு ஐந்தாறு குடம் என்பது சின்ன விஷயம் இல்லை. குழாய்த் தண்ணீருக்கே தவிக்கிற வீடாக இருந்தால் யோசித்து வாங்குங்கள். வாரம் ஒரு முறை டேங்கை முழுசாகக் காலி செய்து துடைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், மழைக்காலத்தில் பாதித் தண்ணீரோடு மூலையில் நிற்கிற கூலர்தான் ரொம்ப ஆபத்து.

அண்ணன் சொல்லி லாங்கு பஜாரில் வெட்டிவேர் வாங்கி மெல்லிய துணியில் கட்டி டேங்கில் போட்டேன். முதல் நாள் அந்த வாசனைக்கே அறை குளிர்ந்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்ததும் இதே வேலைதான். வேர்த்தூள் பம்பில் போய் அடைக்கும், அதனால் துணியில் கட்டாமல் போடாதீர்கள்.

இடி நெருங்குவதற்கு முன்பே பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டியில் இருக்கிறது, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நான் இதைப் பயன்படுத்தத் தொடங்கினேன். ஈரக்கையோடு தொடாதே என்று வீட்டில் குழந்தைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் தாமினி என்கிற ஆப் இருக்கிறது, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்தது, நாம் இருக்கிற இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டரில் மின்னல் விழுவதைக் காட்டும். மாடியில் துணி எடுக்கப் போகலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்கும் உதவுகிறது.

மற்றபடி நல்லது என்று சொன்னால், இன்வெர்ட்டரில் ஓடுகிறது. மே மாதம் மதியம் கரண்ட் போன இரண்டு முறையும் இது நிற்கவில்லை, ஏசியால் அது முடியாது. தினம் பத்து மணி நேரம் ஓட்டினாலும் இரண்டு யூனிட்டுக்குள்தான். சத்தம் அதிகம், மூன்றாம் வேகத்தில் டிவி கேட்காது. சக்கரம் லொடலொடவென்று இருக்கிறது, டேங்க் நிரம்பியிருக்கும்போது தள்ளினால் கட்டாயம் உடையும்.

மார்ச் கடைசியில் இருந்து மே முடிய, பகல் நேரத்துக்கு, ஜன்னல் இருக்கிற அறைக்கு என்றால் 11,800 ரூபாய்க்கு இதைவிட நல்ல பொருள் வேலூரில் கிடைக்காது, வயதானவர்கள் இருக்கிற வீட்டில் நான் தைரியமாக வாங்கச் சொல்வேன். ஜன்னலே இல்லாத உள்ளறைக்கு வேண்டாம். ஜூனுக்குப் பிறகு ராத்திரி தூக்கத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல டேபிள் ஃபேன் வாங்கி, மாடித் தளத்துக்கு வெள்ளைக் கூலிங் பெயின்டும் அடித்துவிடுங்கள், நானும் அடுத்த மார்ச்சுக்குள் பெயின்ட் அடிக்கலாம் என்று ஓனரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நேற்று சாயங்காலமும் மழை. பேட் மூன்றையும் கழற்றிக் கழுவி வராண்டாவில் சாய்த்து வைத்தேன், இன்றைக்கு மதியம் வரைக்கும் காயவில்லை.